நான்காம் நிமிடத்தில் வரும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் இருந்து பிறந்தது. காதலில் இருந்தோ சாவில் இருந்தோ பிறந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். என்ன செய்வது, எனக்கு வாய்த்தது ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட ஒரு மின்னஞ்சல். '2025-இன் சிறந்த மின்னணு இசை' என்று தலைப்பு. அனுப்பியவர் யாரென்று தெரியாது. எப்போதோ எதற்கோ என் முகவரியைக் கொடுத்திருப்பேன். அடுத்த வாரம் அதே ஆளிடமிருந்து இன்னொரு அஞ்சல் வந்தது. 'முதலிடம் குறித்து ஒரு விளக்கம்.' ஆவலோடு திறந்தேன். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

பாவம், அவசரத்தில் எழுத மறந்து அனுப்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் எழுதாமல் விட்டதை நான் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதுதான் இது.

முதல் தொடக்கம்: 'அம்பத்தூர் தொழிற்பேட்டையில் காலைச் சங்கு ஒலித்தபோது கங்காதரன் தன்' (விட்டுவிட்டேன். அங்கே சங்கு ஊதி எத்தனை வருடமாயிற்று என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: 'இசை என்பது காலத்தின் மீது' (இதை ஏன் விட்டேன் என்று சொல்லத் தேவையில்லை.)

2

கங்காதரனுக்கு நாற்பத்திரண்டு வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை. குடியிருப்பது அம்பத்தூரில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில். செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்தே வேலை. மற்ற நாட்களில் மின்சார ரயில். மனைவி சாவித்திரி பள்ளி ஆசிரியை.

ஊரில் அவருக்கு ஒரு பெயரும் இல்லை. ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அவர் நீதிபதி. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த ஆண்டு வெளியான மின்னணு இசையில் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு அனுப்புவார். மின்னணு இசை என்றால் முழுக்கக் கணினிக்குள்ளேயே செய்கிற இசை. கல்யாண வீட்டில் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடக்கூடிய இசை.

(எனக்குப் பட்டியல்கள் மேல் நம்பிக்கை கிடையாது. ஏழாம் இடத்துக்கும் எட்டாம் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அன்று காலை இட்லி எப்படி வந்தது என்பதுதான். இதைக் கங்காதரனிடம் சொல்லிவிடாதீர்கள். மனிதர் உடைந்துபோவார்.)

அவரிடம் ஒரு முறை உண்டு. எதையும் மூன்று தடவை கேட்பார். முதல் தடவை ஹெட்போனில். இரண்டாம் தடவை ரயிலில். மூன்றாம் தடவை வீட்டு ஹாலில், இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில், ஜன்னல் கதவுகளை விரியத் திறந்துவைத்துக்கொண்டு. "காத்தோட கேக்கணும், அப்பதான் உண்மை தெரியும்" என்பார். மூன்றாவதுதான் தீர்ப்பு. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது.

3

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி பட்டியல் போனது. இரண்டு முதல் பத்து வரை பெர்லின், நைரோபி, ஒசாகா என்று எல்லாம் தூரத்து ஊர்கள். முதலிடத்தில் மட்டும் பக்கத்தில் இருக்கும் நெமிலிச்சேரி.

'முதலிடம்: ஆக்னஸின் "சிக்னலுக்காக". ஏழு நிமிட ட்ராக். நான்காம் நிமிடத்தில் எல்லா ஒலிகளும் விலகுகின்றன. அப்போது தொலைவில் ஒரு தட்டு கேட்கிறது. பிறகு இன்னொன்று. ஐந்து தட்டுக்கு ஒருமுறை ஒரு சின்ன இடைவெளி. எந்திரத்தின் தாளத்துக்குள் மனிதனின் களைப்பை இவ்வளவு துணிச்சலாக வைத்தவர் இந்த ஆண்டு உலகத்திலேயே வேறு யாரும் இல்லை.'

ஆக்னஸுக்கு இருபத்தாறு வயது. தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலை. நெமிலிச்சேரியில் ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள் ஃபோனிலேயே இசை செய்கிற பெண். வீட்டில் அதை மிக்ஸி சத்தம் என்பார்கள். அவளை இதுவரை யாரும் எதிலும் முதல் என்று சொன்னதில்லை.

மறுநாள் அவளிடமிருந்து செய்தி வந்தது.

'சார், ரொம்ப தேங்க்ஸ். அம்மா கிறிஸ்மஸ் கேக்கையே இதுக்குத்தான்னு சொல்லி தெரு ஃபுல்லா குடுத்துட்டாங்க. ஒரே ஒரு டவுட். நாலாவது நிமிஷத்துல தட்டுற சத்தம்னு எழுதியிருக்கீங்க. அது என் ட்ராக்ல இல்ல சார். அந்த இடத்துல நான் ஒண்ணுமே வைக்கல.'

(இவள் ஏன் சும்மா இருக்கவில்லை? நானும் கேட்டுப் பார்த்தேன். அவள் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. கேக் தீர்ந்தது, எல்லோரும் சந்தோஷம், இரண்டு பக்கத்தில் கதை முடிந்துவிட்டது. அந்தப் பிரதியில் அவள் முகம் எனக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.)

4

முதலில் எழுதியபோது கங்காதரன் செய்தியைப் படித்தவுடன் தவறை ஒப்புக்கொண்டார். அதை அடித்துவிட்டேன். பத்து வருடம் நீதிபதியாக இருந்தவர் அப்படியெல்லாம் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்.

அவர் செய்தது இது. ஹெட்போனை மாட்டி நான்காம் நிமிடத்துக்குப் போனார். தட்டு இல்லை. ஐம்பது விநாடிக்கு எதுவுமே இல்லை. சத்தத்தைக் கூட்டினார். இல்லை. பெண் ட்ராக்கை மாற்றிவிட்டாள் என்று முடிவுகட்டி, கொஞ்சம் கோபமும் பட்டுக்கொண்டார்.

(முதல் தடவையே ஹெட்போனில் கேட்டவர்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டார், ஆபீஸ் மீட்டிங் நடக்கும்போது ஒரு காதில். ரயிலில் கேட்டபோது பக்கத்தில் ஒருவர் குடும்பச் சண்டையை ஃபோனில் தீர்த்துக்கொண்டிருந்தார். நீதிபதிகள் இதையெல்லாம் தீர்ப்பில் எழுதுவதில்லை.)

அரையாண்டு லீவில் வீட்டில் இருந்த சாவித்திரி, கணவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்துப் பட்டியலை வாங்கிப் படித்தாள். படித்தவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏங்க, இது பின்னால எத்திராஜ் அண்ணன் கம்பெனில தகரம் வெட்டுற பிரஸ் சத்தம்லா?"

கங்காதரனும் ஜன்னலைப் பார்த்தார்.

"செவ்வாக்கிழம காலையிலதான கேட்டிய? பத்து மணிக்கு அந்த மிஷின் ஓட ஆரம்பிச்சுரும்லா. நாம குடிவந்த நாலு வருசமா ஓடுது. உங்க காதுல விழலையா?"

நான்கு வருடமாக விழாத சத்தம் அன்று விழுந்திருக்கிறது. அதுவும் முதலிடத்தில் விழுந்திருக்கிறது. கங்காதரனுக்கு அவமானத்தில் காது சூடாகியது. அந்தப் பத்தியை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். அனுப்பிய மின்னஞ்சலை யாரும் திரும்ப வாங்க முடியாது என்ற ஒரே காரணத்தால் நல்லவராக மாறி, ஆக்னஸுக்கு நடந்ததை எழுதினார்.

அவள் ஒரு வரியில் பதில் போட்டாள். 'நீங்க எப்படிக் கேட்டீங்களோ அதே மாதிரி எனக்கும் கேக்கணும் சார்.'

5

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆக்னஸ் வந்தாள். மீதமிருந்த கேக்கில் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தாள். கங்காதரன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சாவித்திரிதான் வாங்கி உள்ளே வைத்தாள்.

ஜன்னல்களைத் திறந்தார்கள். ட்ராக்கைப் போட்டார்கள். நான்காம் நிமிடத்தில் எல்லாம் விலகியது. கீழே, காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தட், தட், தட், தட், தட். இடைவெளி. மறுபடி தட்.

ஆக்னஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சாவித்திரியும் சிரித்தாள். பிறகு ஆக்னஸின் சிரிப்பு மெல்ல நின்றது.

"நல்லாத்தான் சார் இருக்கு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைக் கங்காதரனால் பார்க்க முடியவில்லை.

"ஆவடி தாண்டி அண்ணனூருக்கு முன்னாடி ட்ரெயினு சிக்னலுக்காக நிக்கும் சார். நின்னதும் மொத்த கம்பார்ட்மென்ட்டும் ஒரு நிமிஷம் கம்முனு ஆயிடும். ஏன்னு தெரியாது. யாரும் பேச மாட்டாங்க. அதுதான் அந்த இடம். ஒவ்வொரு தடவையும் கை சும்மா இருக்காம எதையாவது வெச்சிடுவேன். அப்புறம் எடுப்பேன். ஒண்ணும் வைக்காம விடறதுக்கு எனக்கு நாலு மாசம் ஆச்சு."

கங்காதரன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"அதெல்லாம் வேணாம் சார். மிஷினு இல்லாம ஒரு தடவை கேளுங்க. இதே ஸ்பீக்கர்ல, ஜன்னலைத் தொறந்துவெச்சு. கேட்டுட்டு எத்தனாவதுன்னு சொல்லுங்க. போதும்."

எத்திராஜ் பின்தெருவில் தகரத்தில் வாஷர் வெட்டுகிறவர். அந்த ஃபிளாட் வருவதற்கு முன்னாலேயே அங்கே இருக்கிறவர். கங்காதரனும் ஆக்னஸும் வருவதைப் பார்த்ததும் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்.

"இன்னா சார், அசோசியேஷன்ல மறுபடியும் பெட்டிஷனா? அதான் கீய ரப்பர் ஷீட்டு போட்டு வெச்சுகீறேனே!"

"புகார் எல்லாம் இல்லண்ணே. ஒரு பத்து நிமிஷம் மிஷினை நிறுத்தணும்."

"இன்னாத்துக்கு?"

கங்காதரன் விளக்கப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் ஃபோனை எடுத்து, தான் எழுதிய பத்தியை எந்திரத்தின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தார். எத்திராஜ் கவனமாகக் கேட்டார்.

"அஞ்சு தட்டுக்கு ஒருக்கா கேப்பா? அது களைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். கண்ணாடி. வேத்து ஊத்துனா மூக்குல நிக்க மாட்டேங்குது, தூக்கி உட்டுக்குவேன்." தூக்கிவிட்டும் காட்டினார். "அப்போ ஃபர்ஸ்ட் பிரைஸ் எனுக்கா?"

கங்காதரன் சிரித்தார். ஆக்னஸ் சிரிக்கவில்லை.

"அதத்தாண்ணா தெரிஞ்சிக்கணும்" என்றாள்.

எத்திராஜ் அவளைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினார்.

"போம்மா. போய் கேட்டுட்டு வா. நான் டீ குட்ச்சினு வரேன். நீ சொல்ற வரிக்கும் கை வெக்க மாட்டேன்."

6

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) ஆக்னஸ் பிரஸ் சத்தத்தைப் பதிவுசெய்கிறாள். ஆக்னஸ், எத்திராஜ் என்று இரண்டு பெயரும் போட்டு புதிய ட்ராக் வருகிறது. அடுத்த ஆண்டுப் பட்டியலில் (இதை நீங்கள் ஐந்தாம் பகுதியிலேயே எழுதி முடித்திருப்பீர்கள். நானும் எழுதினேன். ஆனால் அந்த முடிவில் அவளுடைய நாலு மாத உழைப்பின் மேல் மறுபடியும் பிரஸ் ஓடுகிறது. மனசு வரவில்லை.)

ஆ) கங்காதரன் பட்டியல் போடுவதையே நிறுத்திவிடுகிறார். (இவரா? நிறுத்த மாட்டார்.)

இ) கேட்ட பிறகும் அது முதலிடம்தான். ஆக்னஸ் கண்கலங்குகிறாள். எனக்கும் கண்கலங்குகிறது. (அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

7

மாடி ஏறினார்கள். ஜன்னல்கள் திறந்தே இருந்தன. சாவித்திரி தானாகவே போய் ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜும் ஒரு உறுமல் உறுமுகிறது என்று அதன் பிளக்கையும் பிடுங்கினாள்.

கங்காதரன் ட்ராக்கைப் போட்டார். இந்தத் தடவை நாற்காலியில் சாயவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தார். ஆக்னஸ் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நிமிடம் போனது. இரண்டாவதும் மூன்றாவதும் போயின.

நான்காம் நிமிடத்தில் எல்லாம் விலகியது. கீழே எதுவும் தட்டவில்லை. ஐம்பது விநாடி அந்த வீட்டில் ஒருவரும் அசையவில்லை.

ஏழாம் நிமிடத்தில் ட்ராக் முடிந்தது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றாள் ஆக்னஸ். "எத்தனாவது?"

கங்காதரன் வாயைத் திறந்து,

இந்த இடத்தில் ஒன்று என்று எழுதிப் பார்த்தேன். அவர் இரக்கப்பட்டுச் சொன்னது போல் இருந்தது. நான்கு என்று எழுதினேன். நான் பெரிய நியாயவான் போல் இருந்தது. பத்தில் இல்லை என்று எழுதிவிட்டு அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகுதான் அந்த வெற்று அஞ்சல் ஞாபகம் வந்தது. 'முதலிடம் குறித்து ஒரு விளக்கம்.' எழுத மறந்துவிட்டார் என்று நானாக முடிவுசெய்து, ஆளும் ஊரும் மிஷினும் கேக்கும் வைத்து ஆறரைப் பகுதி எழுதியிருக்கிறேன். அவர் மறக்காமல், வேண்டுமென்றே வெறுமையாக அனுப்பியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் என் காதும் சூடாகியது.

அதனால் அந்த எண்ணை நான் போடவில்லை, நீங்கள் போடுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள். இதைப் படிக்கும்போது உங்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஃபேனோ, பக்கத்து வீட்டு மோட்டாரோ, தெருவில் திரும்புகிற தண்ணீர் லாரியோ. கதையில் உங்களுக்கு எந்த இடமாவது பிடித்திருந்தால், அதை எழுதியது நான்தானா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை.

எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு வாருங்கள். ஏழாம் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள். ஆக்னஸும் நானும் இங்கேயே உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.