லொறியில் வந்த முருக்கங்கம்பு

கடல் வந்த அன்று நிந்தவூர்க் கரையோரத்தில் றுகையாவின் வீடு அத்திவாரத்தோடு போயிற்று. புருஷன் அபூசாலியும் போய்விட்டான். மிஞ்சியது வேலியில் நின்ற பதினொரு முள்முருக்க மரங்கள்தான். உப்புத் தண்ணீரில் கருகியவை ஆறு மாதத்தில் மறுபடி துளிர்த்தன. அந்தக் குழையை ஒடித்துப் போட்டு நாலு ஆடு வளர்த்தாள். தகரக் கொட்டிலில் அவள் அடுப்பு எரிந்தது அந்த ஆடுகளால்தான்.

அடுத்த வருஷம் ஒரு நிவாரண நிறுவனம் வீடுகளுக்கு நடுவே போகும் ஒழுங்கை நெடுக வேலி போட்டுத் தருவதாகச் சொல்லி, லொறியில் முருக்கங்கம்புகளைக் கொண்டுவந்து இறக்கியது. கம்பிலிருந்த தளிரெல்லாம் கொப்புளம் கொப்புளமாக வீங்கியிருந்தது.

"சேர், இது வருத்தம் புடிச்ச கம்பு. நடாதீங்க," என்றாள் றுகையா.

நிறுவனத்து உத்தியோகத்தன் ஜெஸீம் சிரித்தான். "சும்மா தாறதுக்கும் குறை சொல்றீங்களே, ராத்தா!"

நட்டார்கள். மூன்றே மாதத்தில் அவளுடைய மரங்களிலும் இலை சுருண்டு, காம்பு புடைத்தது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. மழைக்கு முன்னமே மூன்று மரம் மொட்டையாயிற்று.

வேலி பார்க்கப் படிவத்தோடு வந்த ஜெஸீம் இலையைப் புரட்டினான். "சுனாமி உப்புதான் ராத்தா. மண் கெட்டுப்போச்சு," என்று எழுதத் தொடங்கினான்.

றுகையாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஒரு காம்பை முறித்தாள். புடைப்பை நகத்தால் பிளந்து அவன் படிவத்தின் மேல் தட்டினாள். கடுகிலும் சின்னப் பூச்சிகள் அவன் எழுத்தின் மேல் ஊர்ந்தன.

"உப்புக்குக் கால் இரிக்கா சேர்? கடல் கொண்டுபோனதுக்கு நான் ஆரோடயும் கோவிக்கல்ல. அல்லாஹ்ட நாட்டம் எண்டு இருந்தன். இது ஒங்கட லொறியில வந்தது. சொன்னன், கேட்டீங்களா? இப்ப அதையும் கடல்ட தலையில கட்டுறீங்க!"

"இதுல பூச்சிக்குக் கட்டம் இல்ல, ராத்தா..."

"கட்டம் இல்லாட்டி ஓரத்துல எழுதுங்க. எழுதாம இந்த ஒழுங்கையத் தாண்ட விடமாட்டன்."

எழுதினான். பக்கத்து வீட்டு நபீலா அதை வாங்கி உரக்க வாசித்த பிறகுதான் றுகையா வழிவிட்டாள்.

அன்றைக்கே ஒழுங்கைக் கம்புகளைப் பிடுங்கத் தொடங்கினாள். நபீலாவும் கைகொடுத்தாள். பூச்சி மிஞ்சக்கூடாதென்று தன் மரங்களையும் றுகையாவே கோடரியால் தறித்து எல்லாவற்றையும் எரித்தாள். கை கொப்புளித்தது, கண் கலங்கவில்லை.

இரண்டு ஆட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்தாள். மற்ற இரண்டையும் மாவடிப்பள்ளி வயல் வரம்புவரை நடத்திப்போய் மேய்த்தாள். நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அவள் கோபமும் ஆறவில்லை.