லேத் எடித்தும் வெண்கலப் பல்லும்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பூனைகளால் வந்தது. பேசாலை என்ற தீவு ஊரில் ஒரு பட்டறையில், இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றின் கியர்ப் பெட்டியைப் பூனைகள் சுற்றிநின்று நக்குவதைக் கண்டேன். காரணம் கேட்காமலே வீட்டுக்கு ஓடிவந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆகவே அந்த லேத்தின் சொந்தக்காரி எடித் நான் உண்டாக்கிய ஆள். பிழை இருந்தால் என்னோடு சண்டைக்கு வாருங்கள்.

முதல் தொடக்கம்: "கடல் அன்று சாம்பல் நிறத்தில்..." சீ, வேண்டாம். கியர்ப் பெட்டிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

2.
சம்பந்தம் இருக்கிறது. போர்க்காலத்தில் கியர் ஒயில் தீவுக்குள் வரவில்லை. படகுப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயை எடித் பெட்டிக்குள் ஊற்றினாள். நாறியது, பூனைகள் கூடின, ஆனால் லேத் ஓடியது. போர் முடிந்து, பாதை திறந்து, ஒயில் வந்த பிறகும் "ஓடுதுதானே" என்று விட்டுவிட்டாள். எண்ணெய் பிசினாக இறுகிற்று. தம்பி கிறகரி ஒருநாள் கியர் லீவரை முழுப்பலத்தோடு இழுத்தான். மடார்! உள்ளே பெரிய பற்சக்கரத்தில் ஒரு பல் போயிற்று.

(கிறகரியைக் குடிகாரனாக்கப் பார்த்தேன். எடித் விடவில்லை. "என்ர தம்பியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று பாய்ந்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

"அக்கா, வெள்ளிக்கிழமை பழைய இரும்பு லொறி வருதாம். குடுத்திடுவம்," என்றான் கிறகரி.

"ஒரு பல்லு விழுந்ததுக்கு ஆளையே புதைக்கிறதோடா?"

புருஷன் செத்தபின் இந்த லேத்தில்தான் அவள் ஊர்ப் படகுகளுக்கெல்லாம் எஞ்சின் தண்டு கடைந்து கொடுத்தாள். ஊரில் அவளை ஒருவரும் விதவை என்றதில்லை. லேத் எடித் என்றார்கள். லேத் போனால் அந்தப் பெயரும் போய்விடும் என்று அவள் பயந்தாள். நன்றாகவே பயந்தாள்.

3.
இனி வேலை. பெட்டியைப் பிரித்து மண்ணெண்ணெயில் பிசினைக் கழுவினாள். உடைந்த படகுப் புரொப்பெல்லர் ஒன்றிலிருந்து வெண்கலத் துண்டு அறுத்தாள். பல் போன இடத்தில் பள்ளமாகக் காடி வெட்டி, துண்டை இறக்கி, திருகாணி போட்டு இறுக்கினாள். பக்கத்துப் பல்லின் வடிவத்தைத் தகரத்தில் வெட்டி, அதைப் பிடித்துப் பிடித்து அராவினாள். எதிர்ச் சக்கரத்தில் விளக்குக்கரி பூசிக் கையால் சுற்றிப் பார்த்தாள். வெண்கலத்தில் எங்கே கரி ஒட்டியதோ, அங்கே பல் முட்டுகிறது; மறுபடி அரம்.

(வாசகர் இங்கே கொட்டாவி விடுவார் என்றார் ஒரு நண்பர். விடட்டும். எடித் விடவில்லை.)

4.
முடிவு அ: வெள்ளிக்கிழமை புதுப்பல்லும் உடைகிறது. எடித் அழு—

இல்லை, மாட்டேன்! போர் கண்ட ஊர்க் கதையென்றால் கடைசியில் அழத்தான் வேண்டுமோ? எனக்கு அலுத்துவிட்டது.

முடிவு ஆ: புது ஒயில் ஊற்றி, எடித் சுவிச்சைப் போட்டாள். பெட்டி முனகிற்று. கிறகரி சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு ஒரே சீராக இரையத் தொடங்கியது. நிறுத்தி, கியர் மாற்றி, மறுபடி போட்டாள். அதுவும் ஓடிற்று.

"மாதாவே! ஓடுது அக்கா, ஓடுது!"

நானும் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன், வெட்கமில்லாமல்.

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது. "எங்கயம்மா அந்தப் பழைய இரும்பு?" என்று லொறிக்காரன் கத்தினான். எடித் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவனுக்கு அவள் சொன்ன பதிலை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் உரத்துச் சொல்லுங்கள். உள்ளே லேத் ஓடிக்கொண்டிருக்கிறது.