கண் இல்லாமல் வண்டி ஓடாது

அன்று மதியம் இருந்தவர்கள் இவர்கள். மருத்துவமனைக் கட்டிலில் அப்பா. பக்கத்து நாற்காலியில் அம்மா. டேப்லெட்டை அப்பாவின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கை மரத்துப்போய் நின்ற அண்ணன். வேறு வேலை இருந்தும் போகாமல் கதவோரம் நின்ற நர்ஸ். இங்கே, வீட்டில் பொம்மை ரயில் ஓடும் அறையில், சின்னவள் ஒருத்திதான். விட்டத்தில் ஒன்று, பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று, இன்ஜினின் நெற்றியில் ஒன்று என்று கேமராக்களும் இருந்தன. அவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அவை இல்லாவிட்டால் அங்கே இருந்தவர்கள் இங்கே இருந்திருக்க முடியாது.

சின்னவள் முழங்கைவரை மலைக்குள் கையை விட்டிருந்தாள். மலை என்றால் அட்டையும் கம்பி வலையும் மேலே பூசிய பிளாஸ்டரும்தான்.

"கிடைச்சுதா?" விட்டத்துக் கேமராவின் ஸ்பீக்கரிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. பாதி குரல், பாதி காற்று.

"தொடறேன். சிக்கியிருக்கு, வரமாட்டேங்குது."

"இழுக்காத. ஒயர் அந்துடும்."

"இழுக்கல."

"இழுக்குற. தெரியுது."

"அடி, உன் நகம் ஸ்கிரீன் முழுக்கத் தெரியுது" என்றாள் அம்மா. "பேய் மாதிரி இருக்கு. வெட்ட மாட்டியா?"

காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார், இன்றோ நாளையோ, எல்லோரும் கூட இருப்பது நல்லது என்று. சின்னவள் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டியை அப்படியே நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைக்கக்கூட இல்லை, அதற்குள் அப்பா மாஸ்க்கைக் கீழே இறக்கினார்.

"எலி, நீ வீட்டுக்குப் போ."

அப்பாவுக்கு அவள் சின்ன வயதிலிருந்தே எலிதான்.

"வண்டி மலைக்குள்ள நிக்குது. உங்கண்ணன் கை உள்ள போகாது. உன் கைதான் போகும்."

நேற்று அப்பா மருத்துவமனையிலிருந்து சொல்லச் சொல்ல அண்ணன் வீட்டில் வண்டியை ஓட்டியிருக்கிறான். புதிதாகக் கட்டிய மலைக்குள் போனது, வெளியே வரவில்லை. இரவெல்லாம் அப்பா அந்தக் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாராம்.

"ஏங்க, பொண்ணு இப்பதான் வந்திருக்கா..." என்றாள் அம்மா.

"ஒரு சுத்து. மலை வழியா ஒரே ஒரு சுத்து வந்து நான் பாக்கணும்."

இப்பவும் என்னைத்தான் வெளியே அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள். எழுந்து நடந்தாள். ஒரு சுத்து, உடனே திரும்பிவிடுவது, அதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாது. வழியெல்லாம் அவள் மனதில் ஓடியது அது மட்டும்தான்.

அந்த அறை ஒரு காலத்தில் அவளுடையது. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு அவள் வெளியேறிய அடுத்த மாதமே அவர் அவள் கட்டிலை அறுத்து மேசையாக்கி, அந்தப் பலகைமேல் தண்டவாளம் போட்டார். வேலை பார்த்த காலம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயுமே போய்ப் போய் அலுத்துவிட்டது, கொஞ்சம் பக்கவாட்டில் போகலாம் என்று பார்க்கிறேன் என்பார். அவர் கட்டிய ஸ்டேஷனுக்கு மாடி கிடையாது. மாடி இருந்தால் லிஃப்ட் கேட்பார்கள் என்பார்.

கேமராக்கள் பிறகு வந்தவை. ஒருநாள் வண்டியை ஓடவிட்டுவிட்டுப் பசை வாங்கக் கடைக்குப் போனார். வளைவில் கவிழ்ந்த இன்ஜின் அங்கேயே கிடந்து சக்கரம் சுற்றிச் சுற்றி, மோட்டார் புகைய ஆரம்பித்தது. அம்மா பதறிப்போய் ஒரு வாளித் தண்ணீரை மேசைமேல் கொட்டினாள். ஸ்டேஷன், மரம், மாடு, பயணிகள், எல்லாம் வெள்ளத்தில் போனது. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரு சட்டம். ஓடுகிற வண்டிமேல் ஒரு கண்ணாவது இருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லை என்றால் வண்டி ஓடக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. ஸ்டேஷன் 'வழி சரி' என்று சொல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. ஸ்டேஷன் என்றால் அவர்.

சின்னவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். விஷயம் விளங்கிவிட்டது. படுக்கையில் விழுவதற்குமுன் அப்பா கடைசியாகச் செய்த வேலை, இன்ஜின் நெற்றியில் கேமராவை ஒட்டியது. மலையைப் பூசும்போது அந்தக் கேமரா இல்லை. அது, உயரமான நுழைவாயைத் தாண்டிவிட்டு, வெளியேறும் வாயின் மேல்விளிம்பில் போய் இடித்துக்கொண்டு நிற்கிறது.

"உங்க மலைக்கு வாய் சின்னது" என்றாள்.

"அளந்துதானே வெச்சேன்."

"இன்ஜினுக்கு அளந்தீங்க. அதோட நெத்தியில உக்காந்திருக்கவனுக்கு யாரு அளக்கறது?"

ஸ்பீக்கரில் நர்ஸின் சிரிப்பு கேட்டது. சின்னவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"ஏய்! உடைக்காத!"

"கத்தாதீங்க. மூச்சு வாங்கப் போவுது."

"பாத்துப் பாத்து... பூசினது..."

"மலை வேணுமா, வண்டி வேணுமா? ஒண்ணு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் ஆக்ஸிஜன் கொப்புளிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"வண்டி" என்றார்.

அவள் கொத்தினாள். பிளாஸ்டர் பெயர்ந்து தண்டவாளத்தில் கொட்டியது. அங்கே எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. அண்ணன் இடதுபக்கம் என்கிறான், அம்மா போதும் போதும் என்கிறாள், நர்ஸ் ஒரு படி மேலே போய், "மேல் விளிம்பு இன்னும் இடிக்குதுங்க, கொஞ்சம் சாய்ச்சுத் தட்டுங்க" என்று யோசனை சொல்கிறாள். சின்னவள் தூளை ஊதித் தள்ளி, இன்ஜினைத் தூக்கி ஸ்டேஷனில் வைத்தாள். பின்னால் பெட்டிகளைக் கோத்தாள்.

"வழி?" என்று கேட்டாள்.

"வழி சரி."

குமிழைத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது. ஸ்பீக்கரில் அண்ணன் "ஓ" என்று கத்தினான். இவள் வளைவுக்கு முன்னிருந்த, தடம் மாற்றும் நெம்புகளில் ஒன்றைத் தள்ளினாள். வண்டி மலைப்பக்கம் திரும்பாமல், நேராக ஷெட்டுக்குப் போகும் தடத்தில் புகுந்து, முட்டுக்கட்டையில் போய் மோதித் தடம்புரண்டு நின்றது.

"அய்யோ" என்றார்கள் அங்கே, கொஞ்சம் தாமதமாக.

"அது இல்ல! எதிர்ப்பக்க நெம்பு!" அப்பாவுக்கு இருமல் வந்தது. இருமி முடித்ததும் அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது. "மேலேருந்தே பாத்துப் பாத்து, கீழ நிக்கத் தெரியலடி உனக்கு."

உண்மைதான். விட்டத்துக் கேமராவை அப்பா தலைகீழாக மாட்டியிருந்தார். மேசையைத் தொட்டே பார்க்காதவள், கிடங்கில் இடைவேளைதோறும் மூலையில் உட்கார்ந்து போனில் இந்த அறையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த வளைவில் வண்டி குலுங்கும், எந்த மரம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனால் அவளுக்குத் தெரிந்த அறையில் ஷெட் இருக்கும் பக்கத்தில், இங்கே மலை இருந்தது.

"நான் எங்க பாத்தேன்?" என்றாள்.

"ஸ்கிரீன் மூலையில ரெண்டு பேரு பாக்குறாங்கன்னு காட்டும், எலி. ஒண்ணு நான். இன்னொண்ணு யாரு, உங்கம்மாவா?"

"எனக்கு வேற வேலை இல்ல பாருங்க" என்றாள் அம்மா.

"அதான் பாஸ்வேர்டை... மாத்தவே இல்ல" என்றார் அப்பா.

சின்னவள் குனிந்து வண்டியை எடுத்துவந்து, ஸ்டேஷன் தண்டவாளத்தில் பெட்டி பெட்டியாக ஏற்றினாள். ஒரு சக்கரம் உட்காரவே மாட்டேன் என்றது. டன் கணக்கில் பாரத்தை அலட்டாமல் அடுக்குகிறவள், உள்ளங்கையளவு பெட்டியோடு மல்லாடினாள்.

"சீக்கிரம்மா" என்றான் அண்ணன். அவன் குரல் மாறியிருந்தது.

சக்கரம் உட்கார்ந்தது.

"வழி?"

குமிழைப் பிடித்தபடி மறுபடியும் கேட்டாள்.

"அப்பா, வழி?"

இங்கிருந்து போகும் படமும் குரலும் எப்போதுமே கொஞ்சம் பின்தங்கித்தான் அங்கே போய்ச் சேரும். நான் பார்ப்பதெல்லாம் நடந்து முடிந்ததுதான் என்று அப்பா கிண்டலடிப்பார். அந்தத் தாமதம்தான் என்று அவள் காத்திருந்தாள். பிறகு, மிக மெதுவாக வந்தது:

"சரி."

'வழி' இல்லை. 'சரி' மட்டும்தான். அது போதும்.

வண்டி கிளம்பியது. இந்தமுறை எதிர்ப்பக்க நெம்பு. சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பின. பாலத்தில் ஏறியது. "பாலம்பா, பாலம்!" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பொம்மைப் பயணியை உரசுவதுபோலத் தாண்டியது. மாட்டைத் தாண்டியது. இன்ஜினின் நெற்றிக் கண்ணுக்கு அதெல்லாம் ஆனை அளவுக்குத் தெரிந்திருக்கும். "எம்மாடி, உள்ளேயே உக்காந்து போற மாதிரி இருக்கு" என்றாள் நர்ஸ். சின்னவள் வண்டியோடு கூடவே மேசையைச் சுற்றி நடந்தாள், பிறகு ஓடினாள். மலை வந்தது. இன்ஜின் வாய்க்குள் நுழைந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

அங்கே திரை கறுத்திருக்கும்.

சின்னவள் மறுபக்கம் மண்டிபோட்டு, கொத்தி வைத்த வாயருகே முகத்தை வைத்தாள். உள்ளே சத்தம் நெருங்கியது. இடிக்கவில்லை. உரசக்கூட இல்லை. இன்ஜின் வெளிச்சத்துக்கு வந்தது, நெற்றியில் கேமராவோடு, அவள் முகத்துக்கு நேராக.

"வந்துடுச்சு!" என்று கத்தினாள். அறையில் குதித்தாள். சின்னப் பிள்ளையில், இப்போது தண்டவாளம் கிடக்கும் அதே பலகையின்மேல் குதித்திருக்கிறாள்.

அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. காத்திருந்தாள்.

பிறகு ஒரே நேரத்தில் எல்லாம் வந்தது. அண்ணனின் கூச்சல், நர்ஸின் கைதட்டல், அம்மாவின் சிரிப்பு. "உன் மூஞ்சிதாண்டி தெரியுது, ஸ்கிரீன் முழுக்க!"

அப்பா குரல் மட்டும் வரவில்லை.

"அம்மா, அவரு பாத்தாரா?"

வண்டி ஸ்டேஷனைத் தாண்டி மறுபடியும் பாலத்தில் ஏறியது. கேள்வி போய்ச் சேர வேண்டும். பதில் திரும்பி வர வேண்டும்.

"கண்ணு திறந்துதான் இருக்கு" என்றாள் அம்மா.

நாற்காலி நகரும் சத்தம். "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாள் நர்ஸ். அந்தக் குரல் இப்போது வேறு ஆளுடையது போல இருந்தது. டேப்லெட்டை யாரோ எங்கேயோ வைத்தார்கள். பிறகு, ஆக்ஸிஜன் கொப்புளிக்கும் சத்தத்தை நிறுத்தினார்கள். அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது.

சின்னவள் குமிழின்மேல் கை வைத்தாள். வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. கிளம்பச் சொன்னவர்தான் நிறுத்தவும் சொல்ல வேண்டும். மலைக்குள் போனது, வந்தது. அவள் சட்டையெல்லாம் பிளாஸ்டர் தூள்.

"எலி." அம்மாதான். அம்மா அவளை அந்தப் பெயரில் கூப்பிட்டதே கிடையாது.

"ம்."

"வா."

"வண்டிய நிறுத்திட்டு வரேன்."

"வேணாம். ஓடட்டும்."

"ஆள் இல்லாம ஓடக் கூடாதும்மா."

அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் டேப்லெட்டைக் கையில் எடுக்கும் கரகரப்பு.

"நான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ வா."

சின்னவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். நெம்பு சரியான பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். விளக்கை அணைக்கப் போன கை பாதியில் நின்றது. விளக்கை அப்படியே விட்டாள். வண்டி பாலத்தில் ஏறும் சத்தம் பின்னால் கேட்டது. வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.