ஓர் ஏக்கர் நிற்க வேண்டும்

வேளாண்மை அலுவலக வரிசையில் என் முறை வந்ததும் எழுத்தர் என் மனுவை வாங்கி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்.

“மக்காச்சோள மானியமா? ஆய்வாளர் உங்க வயலுக்குத்தான் கிளம்பியிருக்காரு. பயிர் நிக்கிறதை அளந்து படம் புடிச்சாத்தான் பணம். குறைஞ்சது ஒரு ஏக்கர் நிக்கணும்.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அறுவடை இயந்திரம் ஒன்பது மணிக்கே வயலில் இறங்கியிருக்கும். மூன்று மாதமாக எட்டிப் பார்க்காத ஆய்வாளர் இனிமேலா வரப்போகிறார் என்று வாய் கிழியப் பேசி, இன்றைக்கே அறுக்கச் சொல்லி என் வீட்டுக்காரரை நச்சரித்தவளே நான்தான். கோடையில் எரிந்துபோன கிணற்று மோட்டாரை மாற்ற அந்த மானியத்தைத்தான் நம்பியிருந்தோம். மோட்டார் இல்லையென்றால் அடுத்த விதைப்பு இல்லை.

வீட்டுக்காரரைக் கைப்பேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. இயந்திர இரைச்சலில் எப்படிக் கேட்கும்?

ஸ்கூட்டரை முறுக்கினேன். வழியெல்லாம் கணக்குத்தான். எங்களுடையது ஒன்றேகால் ஏக்கர். இயந்திரம் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகும். ஒரு சுற்று போனால் தப்பித்தோம். இரண்டு முடிந்தால் ஏக்கருக்குக் குறைந்துவிடும். தொடங்கி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். பாதிக்குமேல் மொட்டையாகக் கிடக்கப்போகிறது என்று நினைத்தபோதே கண்ணில் நீர் முட்டியது.

வயலைப் பார்த்ததும் என் கண்ணையே நம்ப முடியவில்லை. பயிர் நின்றது! இயந்திரமும் நின்றது, உறுமிக்கொண்டே. அதன் படியில் ஏறி நின்று என் வீட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். வழி கேட்டு வந்தவனையே அரை மணி நேரம் பிடித்துவைக்கிற மனுஷன். மணிக்கணக்கில் வாடகை ஏறும் இயந்திரத்தை நிறுத்திவைத்துக் கதை பேசினால் வேறு நாளில் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

“நிறுத்துங்க! ஒரு அடி நகரக்கூடாது!”

“நிறுத்தித்தானே வெச்சிருக்கோம்?” என்றார் அவர். “இந்தத் தம்பியோட மாமனார் புது மோட்டார் போட்டிருக்காராம். எது நல்லதுன்னு கேட்டுட்டு இருந்தேன்.”

“ஒண்ணரைச் சுத்துதான் ஆச்சுக்கா,” என்று ஓட்டுநர் பரிதாபமாகச் சொன்னார். “முக்கா மணி நேரமா மோட்டார் கதை. வாடகையில கழிச்சுடாதீங்க.”

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் ஆய்வாளரின் பைக் வந்துவிட்டது. அறுத்த ஓரத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது.

“ஏம்மா, அதுக்குள்ள கை வெச்சுட்டீங்களே?”

“மூணு மாசம் ஆச்சு சார். இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டோம்.”

அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். குரல் தணிந்தது. “நிக்கிறதுக்கு மட்டும்தான் எழுத முடியும். ஏக்கருக்குத் துளி குறைஞ்சாலும் என் கையில ஒண்ணும் இல்ல.”

கைப்பேசியில் நிலம் அளக்கும் செயலியைத் திறந்து, நிற்கிற பயிரின் ஓரமாக நடந்தார். பின்னாலேயே நான். ஒவ்வொரு மூலை திரும்பும்போதும் அவர் கைப்பேசியை எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முறைத்தேன். மூடிக்கொண்டார். நடந்து முடித்ததும் திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

1.04.

“அய்யோ!” என்று கத்திவிட்டேன். சந்தோஷத்தில் வேறு சொல் வரவில்லை. இன்னும் அரைச் சுற்று ஓடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். அறுத்த ஓரத்துக்கான பணம் போனால் போகிறது, மோட்டார் வந்துவிடும்! ஆய்வாளர் என்னைப் பயிருக்கு நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார். சிரிப்பை அடக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை.

அவர் கிளம்பியதும் ஓட்டுநரிடம் சொன்னேன்: “தம்பி, பேசின முக்கா மணிக்கும் சேர்த்தே வாடகை வாங்கிக்கோ.”

இயந்திரம் மீண்டும் பயிருக்குள் இறங்கியது. என் வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

“இப்ப நான் பேசலாமா?”

வரப்பில் நன்றாக உட்கார்ந்துகொண்டேன்.

“எந்த மோட்டார் நல்லதாம்? முதல்லேருந்து சொல்லுங்க.”