ஜீப்புக்குள் பொருத்தப்பட்ட சூப்பிரண்டு

மாட்டு டாக்டரம்மாவின் ஜீப்பில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் அவளுடைய கணவர் பொருத்தப்பட்டு இந்த மழைக்காலத்தோடு ஆறு வருஷம் ஆகிறது. பெட்ரோல் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது. குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் ஆவதற்கு இரண்டு மூன்று தடவை கெஞ்ச வேண்டியிருக்கிறது. மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி புகார் இல்லை. ஆயில் மாற்றுகிற அன்றைக்கு அவருக்கும் முகம் துடைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு அதைவிட எளிமையான ஒன்றை அந்த வண்டியில் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவரேதான். தேடிப் பார்த்ததில் அவரைவிட எளிமையான பொருள் கிடைக்கவில்லை.

குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு அவர் சூப்பிரண்டு. தெருவிலும் அதுவே பெயராகிவிட்டது. வருகிற மனுவில் என்ன பிழை என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது உத்தியோகம். காலமெல்லாம் அடுத்தவன் பிழையையே பார்த்த கண்ணுக்குத் தன் பிழை தெரியாமல் போனது, தூரப்பார்வை போல ஒரு கோளாறு. அதற்குக் கண்ணாடியும் கிடையாது. ஜீப் டாக்டரம்மாவுடையது. அவள் சம்பளத்தில் அவள் வேலைக்காக வாங்கியது. மேட்டுத் தொழுவங்களுக்குப் போகும் பாதையைப் பாதை என்பதே ஒரு மரியாதைக்குத்தான். மழை பெய்தால் ஓடை, வெயில் அடித்தால் கற்குவியல். பஸ் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காது. பைக்கில் போனவர்கள் பைக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நான்கு சக்கரமும் தனித்தனியாகக் கல்லைப் பிடித்து ஏறுகிற அந்த ஜீப் இருந்ததால்தான் மேட்டில் மாடுகளுக்கு ஆயுசு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதைச் சூப்பிரண்டு எடுத்துக்கொள்வார். மார்க்கெட்டுக்குப் போய் முட்டைக்கோஸ் வாங்கி வருவார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போட்டுவிட்டு டேங்க் மூடியைச் சரியாகத் திருகாமல் வந்தார். கம்ப்யூட்டர் ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றியது. மூடியைத் திருகியிருந்தால் விளக்கு அணைந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும். ஆனால் சூப்பிரண்டைத் திருத்த இதுவரை ஒருவரும் பிறக்கவில்லை. ஒரு டப்பா திருத்துவதா?

“பெல்ட்டைப் போடுங்குது, கதவைச் சாத்துங்குது, இப்ப வெளக்கு வேற. வீட்டுல ஒருத்தி சொல்றது பத்தாதா? வண்டியிலயும் ஒருத்தியா?”

“ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்றோம்னா, ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன்,” என்றாள் டாக்டரம்மா.

அவர் அவளைக் கேட்கவில்லை. கரடுமுரடு நண்பர்கள் குழுவைக் கேட்டார். காடு மலைகளில் வண்டி ஓட்டும் வீரர்களின் அமைப்பு அது. தலைவர் ஒரு பல் டாக்டர். உறுப்பினர்கள் எல்லோரும் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் ஏறிய மிகக் கடினமான மேடு, துணிக்கடையின் அடித்தளப் பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும் சரிவு. படம் எடுக்கும் நாளில் வாளியில் சேறு கரைத்துக்கொண்டு வந்து டயரில் பூசிக்கொள்வார்கள். படம் முடிந்ததும் கழுவிவிடுவார்கள். நடுக்காட்டில் கம்ப்யூட்டர் செத்தால் என்ன செய்வாய் என்று பல் டாக்டர் கேட்டார். நடுக்காட்டுக்கு நாம் எப்போது போனோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய காலத்து மாதிரி கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் வைப்பது, மனிதன் கைக்கு அடங்குகிற எஞ்சினாக மாற்றுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்காவது ஊதத் தெரிந்திருந்தது.

வேலையைச் செய்தவர் ஆகட்டும் மெக்கானிக். யார் எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பதால் வந்த பெயர். டாக்டரம்மா பயிற்சி முகாமுக்குப் போயிருந்த வாரத்தில், வீட்டை ஒட்டிய ஷெட்டில் குழு முழுவதும் கூடியது. கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டும் துளை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கையைத் தூக்கி ஓட்டெடுப்பு நடத்தினார்கள். பெரிய துளை ஜெயித்தது. இரண்டு பேர் நடுநிலை. டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பிளக்குகளுக்கு நெருப்புப் பொறியை வரிசையாகப் பங்கு போட்டுத் தரும் உருளை. எந்தப் பிளக்குக்கு முதலில் என்பதையும் ஓட்டுக்கு விட்டார்கள். கழற்றிய கம்ப்யூட்டரைத் தலைவர் சுத்தியலால் அடித்தார். மயக்க ஊசி போடாமல் அடித்ததில் அவருக்கே ஒரு திருப்தி.

டாக்டரம்மா திரும்பி வந்தபோது ஷெட்டில் ஒயர்கள் குவிந்து கிடந்தன. குடல் பார்த்துப் பழகியவள் என்பதால் அவள் கத்தவில்லை.

“என்ன இது?”

“விடுதலை,” என்றார் சூப்பிரண்டு.

“யாருக்கு?”

அதை ஓட்டுக்கு விட்டிருக்கவில்லை. அவர் சாவியைத் திருப்பினார். ஜீப் பட்டாசு மாதிரி வெடித்தது. சைலன்சரிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வந்தது. காடு மலைகளை வென்ற நண்பர்கள் மதில் ஏறிக் குதித்தார்கள். அவர்கள் உண்மையாகவே கடந்த முதல் தடை அதுதான்.

அதற்கு அடுத்த வாரம் மேட்டிலிருந்து பால்காரி போன் செய்தாள். அவளுக்கு இரண்டே மாடுகள். ஒன்று வயிறு உப்பிப் படுத்துவிட்டது என்றாள். ஜீப் இரண்டு தடவை தும்மிவிட்டு நின்றது. வாடகை வண்டிக்காரர்கள் பாதையின் பெயரைக் கேட்டதும் போனை வைத்தார்கள். டாக்டரம்மா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது மாடு விறைத்திருந்தது. பால்காரி பையை வாங்கிக் கீழே வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். டாக்டரம்மா அதைக் குடித்துவிட்டு நடந்தே திரும்பினாள். வீட்டுக்கு வந்தவள் கணவரிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். அதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை.

டாக்டரம்மாவின் தம்பி வந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தான். “மாமா, இதுல எஞ்சின் எது, நீங்க பண்ணது எது? தனித்தனியா காட்டுங்க.”

“உனக்கெல்லாம் புரியாதுடா.”

“வண்டிக்கும் புரியல போல.”

ரோஷம் வந்துவிட்டது. ஆகட்டும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் மண்டையைச் சொறிந்தார். பொருத்திய டிஸ்ட்ரிபியூட்டர் ஏற்கெனவே தேய்ந்தது, வேகத்துக்குத் தகுந்த மாதிரி தானாகத் திரும்பாது, வண்டி ஓடும்போது யாராவது கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் ஓடும் என்றார். கார்புரேட்டரின் மூச்சையும் இன்னொரு கையால் திறந்து மூட வேண்டும்.

“நான் புடிக்கிறேன்,” என்றார் சூப்பிரண்டு.

“ஆகட்டும்,” என்றார் மெக்கானிக்.

முதல் நாள் பம்பரில் உட்கார்ந்து பிடித்தார். வண்டி சீராக ஓடியது. இரண்டாம் நாள் கால் இரண்டும் உள்ளே போயிருந்தன. அந்த வாரக் கடைசியில் கம்ப்யூட்டர் இருந்த தகட்டின் மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுவலக நாற்காலியில் மடிந்தே பழகிய உடம்பு. மடிப்புக் கலையாமல் பொருந்திக்கொண்டது. ஆறு அடிக்கு ஒரு விரல் குறைவான ஆள் ஒரு டிபன் பெட்டி இடத்தில் எப்படி அடங்கினார் என்று தெருவில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. பேச்சு அதற்குப் போய்விட்டது.

“இறங்குங்க,” என்றாள் டாக்டரம்மா.

“கை வரல.”

“கை வரலையா, மனசு வரலையா?”

அவர் இழுத்துக் காட்டினார். கை டிஸ்ட்ரிபியூட்டரோடு ஒட்டியிருந்தது, வலியில்லாமல், காய் கொடியோடு இருப்பதைப் போல. மாட்டின் கருப்பைக்குள் தோள்வரை கைவிட்டவள் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். நாடித்துடிப்பும் பிளக்கில் விழும் பொறியும் ஒன்றாக அடித்தன. எஞ்சின் சூடு அவரைச் சுடவில்லை. சோறு கொஞ்சம் சூடாக இருந்தால் தட்டைத் தள்ளுகிற மனிதர். அவள் பானட்டை இறக்கினாள். அவர் தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டார்.

வண்டி ஓடியது. ஆனால் ஒரு குறை. அவர் பேச்சு ஏசி காற்று வரும் துவாரங்கள் வழியாக உள்ளே வந்தது. “நான் என்ன சொல்றேன்னா” என்று அவர் ஆரம்பித்தால் எஞ்சின் ஒரு துடிப்பை விழுங்கியது. அபிப்பிராயம் நீளமாக இருந்தால் கரும்புகை. அரசியல் பேசினால் நின்றேவிடும். சமதளத்தில் இதைத் தாங்கலாம். மேட்டில் தாங்க முடியாது. அவரோ எழுந்தது முதல் பேசுகிற ஜாதி. ஒரு வேகத்தடைக்கு இரண்டு அபிப்பிராயம் வைத்திருந்தார். டாக்டரம்மா மேட்டுப் பாதையின் அடிவாரம்வரை போவாள், ஜீப் இருமி நிற்கும், மீதியை நடப்பாள். கணவரைக் கழற்றி எறிய முடியாத கொடுமையை அவள் அதற்கு முன்பும் அனுபவித்திருந்தாள். இப்போது அது கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது, அவ்வளவுதான்.

அடைமழை பிடித்த ஒரு மதியம் பால்காரியின் போன் மறுபடியும் வந்தது.

“டாக்டரம்மா, மிச்சம் இருக்கிறது கன்னு போடுது. ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது. காலைலேர்ந்து அப்படியே நிக்குது.”

“இழுக்காதீங்க. யாரையும் இழுக்க விடாதீங்க. வர்றேன்.”

நடந்தால் கன்று போய்விடும். பொழுது சாய்வதற்குள் தாயும் போய்விடும். அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். அடிவாரம்வரை வண்டி வந்தது. பாதை பாதையாக இல்லை; பழுப்புத் தண்ணீர் கல் உருட்டிக்கொண்டு இறங்கி வந்தது. முதல் கியரில் மூக்கைத் தூக்கி ஏறியபோது துவாரத்தில் குரல் வந்தது.

“நான் என்ன சொல்றேன்னா, இந்தப் பக்கம் வந்திருக்கவே கூடாது. பல் டாக்டர் சொல்லுவாரு, ஈரக் கல்லுல...”

எஞ்சின் விக்கியது. சக்கரம் வழுக்கி, ஜீப் ஒரு முழம் பின்னால் சரிந்தது. பின்னால் பள்ளம்.

“ஏங்க. கொஞ்ச நேரம்.”

“இல்ல, நான் நல்லதுக்குத்தான்...”

இன்னொரு முழம். டாக்டரம்மா பிரேக்கில் ஏறி நின்றாள். சத்தம் போட்டாலும் அவர் பதிலுக்குப் பேசுவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் துவாரத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்து, விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

“நீங்க வண்டியப் பிரிச்சுப் போட்ட அடுத்த வாரம் அந்தம்மாவோட ஒரு மாடு செத்துப்போச்சு. நான் நடந்து போறதுக்குள்ள. இப்ப இருக்கிறது கடைசி மாடு.”

 துவாரத்திலிருந்து ஒரு சின்னக் குரல்: “எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

“சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?”

அவரிடம் அதற்கும் ஒரு பதில் இருந்திருக்கும். தொண்டைவரை வந்த பதிலை எஞ்சின் ஒரு தடவை இருமிக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அவர் அதை விழுங்கினார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் விழுங்கிய முதல் பதில் அது. விழுங்கிய சத்தம் பானட்டுக்கு வெளியே மழையிலும் கேட்டது என்று மேலே வேலியோரம் நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அதன்பின் எஞ்சின் பாலில் விழுந்த கரண்டி மாதிரி சத்தமில்லாமல் போய்விட்டது. சக்கரங்கள் கல்லைத் தடவித் தடவிப் பிடித்தன. வழுக்குகிற இடத்தில் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். நெட்டுக்குத்தான இடத்தில் பொறியை ஒரு மயிரிழை முந்தவிட்டார். எந்தக் கம்ப்யூட்டரும் அவ்வளவு பயந்து வேலை செய்திருக்காது.

தொழுவத்தில் டாக்டரம்மா மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். மடங்கியிருந்த இன்னொரு காலைத் தேடிப் பிடித்து நிமிர்த்தினாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் விழுந்தது. மூக்கைத் துடைத்து ஊதினாள். தும்மியது. பால்காரி சாக்கை எடுத்துக் கன்றை அழுத்தித் தேய்த்தாள். வாசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்று டாக்டரம்மா அணைக்காமல் விட்டிருந்தாள். ரத்தக் கையோடு போய் பானட்டைத் தட்டினாள்.

“கெடேரி,” என்றாள்.

உள்ளிருந்து அபிப்பிராயம் எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நிர்வாகம். அலுவலகம் அவரைக் கட்டாய ஓய்வில் அனுப்பியது. அவருடைய பிரிவில் மனுக்கள் வேகமாக நகர ஆரம்பித்தன. புகைப் பரிசோதனைக்காரர் பானட்டைத் திறந்து பார்த்து, கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் சார் என்றார், அளவு சரியாக இருந்தது. பல் டாக்டர் குழுவோடு வந்து, சுத்தமான பொருத்தம் என்று பாராட்டி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைப் பார்த்த மற்ற உறுப்பினர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக ஆகட்டும் மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய், தங்கள் வீட்டு வண்டியில் இடம் எவ்வளவு இருக்கும் என்று விசாரித்தார்கள். குழு அந்த மாதமே கலைந்தது. இப்போது அவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள்.

போன மாதம் மெக்கானிக் வீட்டுக்கு வந்தார். பழைய வண்டி ஒன்றிலிருந்து தேயாத டிஸ்ட்ரிபியூட்டர் கிடைத்திருக்கிறது, அதை வைத்தால் தானாகவே திரும்பும், அரைநாள் வேலையில் சாரை வெளியே எடுத்துவிடலாம் என்றார். டாக்டரம்மா ஷெட்டுக்குப் போய்ப் பானட்டைத் தூக்கினாள். அவர் முன்புபோலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமயிரில் நரை கூடியிருந்தது. கிரீஸ் பட்ட இடத்தில் மட்டும் கருப்பு. விஷயத்தைச் சொன்னாள். அவர் வெகுநேரம் யோசித்தார். எஞ்சின் அணைந்திருந்ததால் எவ்வளவு வேண்டுமானாலும் பேசியிருக்கலாம்.

“உனக்கு எது சௌகரியம்?” என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. இதை அன்பு என்று யாரும் எழுதிவைக்க வேண்டாம். ஒழுங்காக ஓடுகிற வண்டியின் குணம், அவ்வளவுதான். டாக்டரம்மா புறங்கையால் அவர் நெற்றியிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள்.

“நாளைக்கு மேட்டுல தடுப்பூசி போடணும்,” என்றாள்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் பானட்டை இறக்கினாள். இடுக்கு விழாமல் மூடிக்கொண்டது.