பதினொன்றாம் கேள்வி

அப்பாவின் இடது பக்கம் செத்து இரண்டு வருடமாகிறது. வலது கை மட்டும் சாகவில்லை. நாற்பது வருடம் லேத் பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டிய கை. அன்று பகல் பதினொரு மணிக்கு அந்தக் கை, பால் இருந்த எவர்சில்வர் டம்ளரால் தம்பியின் நெற்றியில் ஓங்கி அடித்தது.

அக்கா அப்போதுதான் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தாள்.

தம்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பாலும் ரத்தமும் விரலில் ஒட்டின. அடுத்த நொடி அப்பாவின் கன்னத்தில் அறைந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. "விடுங்க, அவருக்கு என்ன தெரியும்?" என்று கையைப் பிடித்த மனைவியை ஒரே தள்ளாகத் தள்ளினான். அவள் பீரோவின் கைப்பிடியில் முகம் மோதி, வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. அது அக்காவுக்கு உறைத்தது. பழகிப்போனவர்கள்தான் சத்தம் போடமாட்டார்கள்.

"வா ரத்தக்காட்டேரி," என்றான் தம்பி, மூச்சிரைக்க. "சரியான நேரத்துக்கு வந்திருக்க. இன்னைக்கு ஊசியே வேணாம். தரையிலேருந்து வழிச்சுக்க."

அது பழைய பட்டப்பெயர். மரபணு ஆய்வாளரான அக்காவின் பிழைப்பே ரத்தத்தோடுதான். சிலருக்கு மரபணுவில் ஒரு சின்னப் பிழை. அதனால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் வருடக்கணக்கில் தடித்து அடைபடும். ஐம்பதை ஒட்டிப் பக்கவாதம், பிறகு மறதிநோய். அந்தப் பிழை ஓடும் நாற்பத்திரண்டு குடும்பங்களை அவள் பத்து வருடமாகப் பின்தொடர்ந்து வந்தாள். நாற்பத்து மூன்றாவது தன் குடும்பம் என்பது அப்பா விழுந்த பிறகுதான் தெரிந்தது. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அப்பாவிடம் கேள்வி கேட்டுப் படிவம் நிரப்ப வேண்டும். சொந்த வீட்டுப் படிவத்தை ஆய்வாளர் தொடக் கூடாது என்று விதி. ஆனால் முதலில் வந்த உதவியாளரின் மணிக்கட்டை அப்பா முறுக்கி ஒடித்துவிட்டார். அதற்குப் பிறகு அக்காவே வந்தாள்.

அவள் தம்பியின் நெற்றிக்குக் கட்டுப் போட்டாள். அவன் மனைவியின் உதடு கிழிந்திருந்தது. பஞ்சை வைத்து அழுத்தினாள். கட்டிலில் அப்பா நசுங்கிய டம்ளரைக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சத்தம் தாங்காமலோ என்னவோ, தம்பி அவள் பையிலிருந்த படிவத்தை உருவினான்.

"பதினொன்றாம் கேள்வி. குணமாற்றம் முதலில் தென்பட்ட வயது. ஐம்பத்தெட்டு." சிரித்தான். "ஐம்பத்தெட்டா? அம்மாவோட முன்பல்லு போனப்ப இவருக்கு என்ன வயசு?"

அக்கா படிவத்துக்குக் கை நீட்டினாள். அவன் தரவில்லை.

"முப்பத்தாறு. அம்மா சாகற வரைக்கும் வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சா. நீ என்னடான்னா இவரை ஐம்பத்தெட்டு வரைக்கும் உத்தமரா எழுதி வச்சிருக்க. உலகத்துக்கே மூளையப் பத்திப் பாடம் நடத்தறவ!"

"மத்தவங்க படிக்கற படிவம்டா அது. உண்மைய எழுதக் கை ஓடல."

"சரி, இப்ப மாத்து. முப்பத்தாறுன்னு போடு. இந்த வியாதி அப்பவே வந்துடுச்சு. எனக்கு இப்ப என்ன வயசு? முப்பத்தாறு. என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது அக்கா. அதான் உண்மை."

மூலையிலிருந்து அவன் மனைவி எழுந்தாள். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். பை நிரம்பியிருந்தது, இன்று நேற்று அடுக்கியதாகத் தெரியவில்லை.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இவருக்கு நோயா? நோய்னா நான் இருக்கேன். மாமாவுக்குச் செய்யறேனே, அது மாதிரி இவருக்கும் செஞ்சுட்டுப் போறேன். இவர் சோதனைக்கு ரத்தம் குடுத்து நாலு மாசம் ஆச்சே."

அக்காவின் பையில் ஓர் உறை இருந்தது. முடிவு வந்து மூன்று வாரம். ஆலோசகர் முன்னிலையில்தான் சொல்ல வேண்டும் என்பதால் அடக்கி வைத்திருந்தாள். இன்று அடக்க முடியவில்லை. பரிசு கொண்டுவருவதுபோல அதை எடுத்து வந்திருந்தாள். தம்பி குதிப்பான், தன்னைத் தூக்கிச் சுற்றுவான் என்று பேருந்தில் நினைத்துக்கொண்டே வந்தாள்.

இப்போது உறை கனத்தது.

'இருக்கு' என்று ஒரு சொல் போதும். இந்த வீடு உடையாது. படிவத்தில் ஏற்கெனவே ஒரு பொய் எழுதியவளுக்கு இன்னொன்று என்ன பெரிய பாரம்? டம்ளர் சத்தம் ஓயவில்லை. தம்பி அவள் வாயையே பார்த்தான், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைபோல. அவன் மனைவி மறுபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அம்மா பொத்திக்கொள்வாளே, அதே மாதிரி, நான்கு விரலால்.

"இல்ல," என்றாள் அக்கா. "உனக்கு அந்தப் பிழை இல்ல."

"சரியாப் பாத்தியா? டியூப் மாறியிருக்கும்."

"நானே ரெண்டு தடவை பாத்தேன்."

"மூணாவது தடவை பாரு!"

படிவத்தைத் தரையில் எறிந்துவிட்டுப் பாய்ந்து அவள் கழுத்தைப் பிடித்தான். பின்மண்டை சுவரில் மோதியதும் அக்காவுக்குக் கண் இருண்டது. "இருக்குன்னு சொல்லு. சொல்லுடி!" மறுபடி மோதினான். மனைவி அவன் முதுகில் குத்தியும் விடவில்லை.

டம்ளர் சத்தம் நின்றது.

"அப்படித்தான்," என்றார் அப்பா. மாதக்கணக்கில் குழறிக் கிடந்த நாக்கு அந்த நேரம் பார்த்துத் தெளிவாகப் பேசியது. "விடாத. போடு."

தம்பியின் கை தானாகக் கழன்றது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். அவர் முகத்தின் உயிருள்ள பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் மனைவி பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தாண்டினாள்.

"எங்க போற?"

"அண்ணி சொன்னது உங்களுக்கும் கேட்டுச்சுல்ல?" என்று மட்டும் சொன்னாள். படியில் காலடிச் சத்தம் இறங்கியது.

அக்கா தரையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பதினொன்றாம் கேள்வியில் ஐம்பத்தெட்டை அடித்தாள். முப்பத்தாறு என்றும் எழுதவில்லை. 'மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதினாள். கீழே, 'இதை நிரப்பியவர் மகள். வேறொருவர் புதிதாக எடுக்க வேண்டும்' என்று சேர்த்துக் கையெழுத்திட்டாள்.

உறையைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, கீழே பையோடு தனியே நிற்பவளிடம் போக வெளியே வந்தாள். படியிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். தம்பி உறையிலிருந்த கடிதத்தைப் படித்துவிட்டு அதைத் திருப்பினான், பின்பக்கம் வேறேதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல. அங்கே வெற்றுத்தாள்தான் இருந்தது. மறுபடி முன்பக்கம் திருப்பினான்.