தருமனின் புறப்பாடு தேதி

இராமலிங்கம் லாட்ஜில் இருபத்துமூன்றாம் அறை முளைத்தது 1987ஆம் வருஷம், திருவண்ணாமலைத் தீபத்துக்குக் கொடியேறிய நாலாம் நாள் காலையில், பச்சையம்மாள் கேட்கவே கூடாது என்று அவளுடைய அப்பா சொல்லிவைத்திருந்ததை அவள் கேட்டுவிட்ட அரைமணி நேரத்துக்குள். அதற்கு முன் லாட்ஜுக்கு இருபத்திரண்டு அறைகள். செங்கம் ரோட்டைப் பார்த்த வாசல் போர்டில் இன்றைக்கும் இருபத்திரண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. பெயிண்ட் அடித்தவர் திரும்பி வரவில்லை.

அவள் கேட்டது இவ்வளவுதான். "எங்க நைனாவுக்கு ஒரு ரூம் குடுங்க மொதலாளி."

இராமலிங்கம் கெட்ட மனுஷர் இல்லை. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "இன்னாமா நீ, தீபம் வர்ற நேரத்துல ரூம் கேக்கற. எல்லாம் ஃபுல். நான் சொல்லல, நீ பண்ணி வெச்ச மிஷினே சொல்லுது. போய்ப் பாரு" என்றார். அவர் சொன்னது உண்மை. பச்சையம்மாள் போய்ப் பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் பச்சை எழுத்தில் இருபத்திரண்டு வரிகளும் நிரம்பியிருந்தன. நிரம்பியதைச் சரியாகக் காட்டும்படி அதைச் செய்தவளும் அவள்தான்.

அவளுடைய அப்பா தருமன் 1960இல் இருந்து அந்த லாட்ஜைப் பெருக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு அறைகளுக்கும் நாளுக்கு ஒருமுறை படுக்கை விரித்தார். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குப் போக முடியாத நாட்களில் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களுக்கும் பினாயில் டப்பாவுக்கும் நடுவில் சாக்கு விரித்துப் படுப்பார். மகள் பி.ஏ. முடித்து, லாட்ஜுக்கு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் சேர்ந்த அன்று அவர் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. "சோறு கேளு, லீவு கேளு. புடிக்கலன்னா சண்டைகூட போடு. ரூம் மட்டும் எந்நாளும் கேக்காத கண்ணு. கேட்டா நாம யாருன்னு அவங்களுக்கு ஞாபகம் வந்துடும்." அவளுக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். யாருன்னா யாரு, என்று கத்துவாள். தருமன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

கம்ப்யூட்டர் வந்தது 1986இல். இராமலிங்கத்தின் மருமகன் மதராஸிலிருந்து அனுப்பிவைத்தார். கூடவே ஒரு கம்பெனிக்காரர் வந்து மூன்று நாள் தங்கினார். "புரோகிராம் எழுதவே தேவையில்ல சார். அது கேக்கற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிஞ்சா போதும், யாரு வேணா செய்யலாம்" என்று சொல்லி ஒரு தடிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு நாலாம் நாள் பஸ் ஏறினார். மேனேஜர் ஒருமுறை தொட்டார், ஷாக் அடித்தது என்று சொல்லி அந்தப் பக்கமே வரவில்லை. லாட்ஜின் எலக்ட்ரீஷியன் அய்யூப் வந்து பார்த்துவிட்டு, "ஷாக் இல்ல, அவருக்கு இங்கிலீஷ் பயம்" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று உத்தரவு. ஆயுதபூஜைக்குத் திரை மேல் குங்குமம் வைத்தார்கள். தருமன் அந்த அறையை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெருக்கினார்.

அதை யாரும் தொடாததால் பச்சையம்மாள் தொட்டாள். அது கேட்டது. எத்தனை கட்டம் வேண்டும்? ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பேர்? எத்தனை எழுத்து கொள்ள வேண்டும்? மௌரியர் நிர்வாகம் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதியவளுக்கு இது கஷ்டமில்லை. ரூம் நம்பர், பேர், ஊர், வந்த தேதி, புறப்பாடு தேதி என்று ஐந்து கட்டம் போட்டாள். திரையில் ஃபாரம் வரைந்தாள். எந்த நாளில் எந்த அறை காலி என்று கேட்டால் சொல்லும்படி செய்தாள். ஒரு பேரை எடுக்க வேண்டுமானால் அந்த மிஷினில் இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவது. அதோடு நிறுத்தினால் வரி மறைந்திருக்குமே தவிர அழியாது, வேண்டுமானால் திரும்ப அழைக்கலாம். அப்புறம் மொத்தமாகத் தள்ளுவது. தள்ளினால் திரும்பாது. குப்பையை முதலில் மூலையில் கூட்டு, பிறகு வெளியே கொட்டு. தருமன் மகளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாதத்தில் லாட்ஜ் அந்த மிஷினின் பேச்சைக் கேட்கத் தொடங்கியது. ஆசிரமத்துக்கு வரும் பிரெஞ்சுக்காரர் ஒருவரை, திங்களுக்குப் பதில் செவ்வாய் என்று அவள் தப்பாகப் போட்டுவிட்டாள். அவர் செவ்வாயன்றுதான் வந்தார். ரயிலில் ஒரு நாள் முழுக்கத் தூங்கிவிட்டேன் என்றார். ஊர் பேர் கட்டத்தில் ஆரணிக்குப் பதில் ஆம்பூர் என்று விழுந்த ஒரு ஜவுளி வியாபாரி, அறையைக் காலி செய்துவிட்டு ஆம்பூருக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய சம்சாரம் வந்து திட்டிவிட்டுப் போனாள். அதற்கு மேல் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பச்சையம்மாள் மட்டும் அதற்கப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு முறை பார்த்துத் தட்டினாள்.

அந்த வருஷம் ஐப்பசியிலிருந்து மழை விடவில்லை. அவர்கள் வீட்டுச் சுவர் விழுந்தது. தருமனுக்கு நெஞ்சில் சளி கட்டி, இருமினால் குனிந்த முதுகு நிமிர மறுத்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர், ஈரத்தரையில் படுக்கவைக்காதே, கட்டிலில் படுக்கவை என்றார். திருவண்ணாமலையில் தீபத்துக்கு முன்னால் கட்டில் கிடைப்பதைவிட மோட்சம் கிடைப்பது சுலபம். அதனால்தான் அவள் கேட்டாள். இல்லை என்று வந்ததும் மிஷின் முன்னால் உட்கார்ந்து, இருபத்திரண்டாம் வரிக்குக் கீழே இருபத்துமூன்று என்று தட்டினாள். பேர், தருமன். ஊர், இதே ஊர். வந்த தேதி, இன்றைக்கு. புறப்பாடு தேதியை வெற்றாக விட்டாள். மிஷின் ஏற்றுக்கொண்டது. மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

இரண்டாம் மாடி நடையின் கோடியில், மணல் வாளி தொங்கிய சுவரில், மற்ற கதவுகளைப் போலவே பச்சை பெயிண்ட் அடித்த ஒரு கதவு இருந்தது. உள்ளே கட்டில், மெத்தை, கூஜா, மலையைப் பார்த்த ஜன்னல். வெளியே ரோட்டிலிருந்து பார்த்தால் சுவர் பழையபடி தட்டையாக இருந்தது. முனிசிபாலிட்டி ஆள் வந்து டேப் பிடித்தார். உள்ளே பத்தடி, வெளியே ஒன்றுமில்லை. இரண்டையும் எழுதிக் கையெழுத்து போட்டுவிட்டு டீ குடித்துப் போனார். அய்யூப் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, "நான் ஒயர் இழுக்கவே இல்ல, லைட் எரியுது. எவனோ என்னவிட ஒழுங்கா வேல செஞ்சிருக்கான்" என்றார். இராமலிங்கம் சந்தோஷப்பட்டு, இருபத்துநாலு, இருபத்தஞ்சும் போடச் சொன்னார். யாருக்கு என்று கேட்டாள். வர்றவங்களுக்கு, என்றார். தட்டினாள். எதுவும் வரவில்லை.

தருமன் முதல் ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தார். "முதுகு பயப்படுது கண்ணு" என்றார். மூன்றாம் நாள் மகள் போட்ட சத்தத்தில் மெத்தையின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்தார். நாலாம் நாள் மல்லாந்து தூங்கினார். இருமல் கம்மியானது. ஆனால் விடியுமுன் எழுந்து எல்லா அறைகளையும் பெருக்குவதை நிறுத்தவில்லை. கடைசியில் தன் அறைக்கு வந்து, மூடிய கதவை இரண்டு தட்டு தட்டி, "ரூம் கிளீன் பண்ணலாமாங்க சார்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பார். உள்ளே யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தும் நிற்பார். பச்சையம்மாள் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "உன் ரூமுக்கு நீயே எதுக்குத் தட்டற?" என்று கத்தினாள். "பழக்கமாயிடுச்சி" என்றார் தருமன், தப்பு செய்தவர் போல.

தீபத்தன்று மத்தியானம் வேலூரிலிருந்து பெரிய பார்ட்டி ஒன்று வந்து இறங்கியது. மலை தெரிகிற அறைதான் வேண்டும் என்றார்கள். பச்சையம்மாள் அப்பாவுக்கு மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், கூட்டத்தில் மாட்டிக்கொண்டாள். இராமலிங்கம் ஒரு வருஷமாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றிருந்தார். புரோகிராம் தெரியத் தேவையில்லை, கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். இருபத்துமூன்றாம் வரியில் தருமன் பேரை எடுக்கவா என்று மிஷின் கேட்டது. ஆமாம் என்றார். நட்சத்திரம் விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் சுத்தம் பார்க்கிறவர். தள்ளவா என்ற கேள்விக்கும் ஆமாம் என்றார்.

அவள் திரும்பி வந்தபோது அறையில் வேலூர்க்காரர்கள் பூரி தின்றுகொண்டிருந்தார்கள். போர்வை தருமன் மடிக்கிற மாதிரி நாலாக மடித்துக் கிடந்தது. கதவோரம் துடைப்பம் சாத்தியிருந்தது. தருமன் படிக்குக் கீழே இல்லை, மாடியில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, ஊரில் இல்லை. படியில் இறங்கியதை ஒருவரும் பார்க்கவில்லை. மலை மேல் தீபம் ஏறி, ஊரே அரோகரா என்று கைகூப்பி நின்ற நேரத்தில் பச்சையம்மாள் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி கூட்டத்துக்கு எதிராக நடந்தாள். "பேரத்தான்மா எடுத்தேன், சத்தியமா பேரத்தான் எடுத்தேன்" என்று இராமலிங்கம் பின்னாலேயே ஓடிவந்தார். பிறகு ஒரு மண்டலம் ஒருவேளைதான் சாப்பிட்டார். போலீஸ் ஸ்டேஷனில், அந்த ஆள் அங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். லாட்ஜில் வேலை செய்கிறவர்களின் பேர் எழுதும் ஆள் நோட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். இருபத்தேழு வருஷ நோட்டில் ஒரு பக்கத்திலும் தருமன் என்ற பேர் இல்லை. அவர் பேர் எழுதப்பட்ட ஒரே இடம் மகள் செய்த மிஷின்தான்.

அவள் மறுபடி தட்டினாள். இருபத்துமூன்று, தருமன், இதே ஊர். மறுநாள் காலை போளூரில் விதைக்கு மல்லாட்டை விற்கும் கடலை வியாபாரி தருமன் ஒருவர் பையோடு வந்து, ரூம் சொல்லியிருந்தேனே என்றார். பிறந்தது இந்த ஊர்தானாம். ஒருநாள் தங்கிப் போனார். அடுத்த முறை அவலூர்ப்பேட்டையிலிருந்து பேண்டு வாசிக்கும் தருமன். அதற்கடுத்து ரிட்டையர் ஆன தபால்கார தருமன். மூவரும் நல்லவர்கள். மூவருக்கும் அவள் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதாள். பிறகுதான் புரிந்தது, ஐந்து கட்டத்தில் அவள் அப்பா அடங்கவில்லை. அந்த மிஷின் நூற்றிருபத்தெட்டுக் கட்டம் வரை தரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. புதுக் கட்டங்கள் போட்டாள். இடது கட்டைவிரல் நகம் இல்லை. வெற்றிலை கிடையாது, பொட்டுக்கடலை பிடிக்கும். கோபம் வந்தால் பக்கெட்டைத் தூக்குவார். இடிக்குப் பயப்படமாட்டார், ரசீதுக்குப் பயப்படுவார். தட்டிக்கொண்டே போய் முப்பத்தேழாம் கட்டத்தில் கை நின்றது. அவருடைய அம்மா பேர் என்ன? சின்ன வயதில் என்ன ஆக நினைத்தார்? அவளைக் காலேஜில் சேர்த்த அன்று, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்ன நினைத்தார்? தெரியாது. கேட்டதில்லை. கஜினி எத்தனை தரம் படையெடுத்தான் என்று தெரியும். மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தெட்டாவது வரவில்லை.

முப்பத்தேழோடு தட்டிய அன்று யாரும் பையோடு வரவில்லை. அதற்கு மறுநாள் விடியுமுன் நடையில் துடைப்பச் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு அறை வாசல்களும் சுத்தமாக இருந்தன. கடைசியில் இருபத்துமூன்றின் கதவை யாரோ இரண்டு தட்டு தட்டினார்கள். கேள்வி வந்தது, பதில் கிடைக்காமல் நின்றது. நடையில் ஆள் இல்லை. முப்பத்தேழு விஷயத்துக்கு அவ்வளவுதான் வரும் போலிருக்கிறது என்று பச்சையம்மாள் கணக்கிட்டுக்கொண்டாள். தங்க வந்தவர்கள் முதலில் இது யார் என்று கேட்டார்கள், பிறகு அந்தச் சத்தத்தை அலாரத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். லாட்ஜ் சுத்தம் என்று பேர் வாங்கியது. இப்படி இரண்டு வருஷம்.

1989இல் திருவண்ணாமலை தனி ஜில்லா ஆனது. வேங்கிக்காலில் ஆபீஸ்கள் வரப்போகின்றன என்று ஆபீசர்கள் வந்து குவிந்தார்கள். பூட்டிக்கிடந்த இருபத்துமூன்றை ஒரு ஆபீசருக்குக் கொடுக்கலாம் என்று இராமலிங்கம் மெதுவாகப் பேச்செடுத்தார். பச்சையம்மாள் எதிரில் போய் நின்றாள்.

"குடுக்கறது அப்பறம். மொதல்ல உங்க ஆளுங்க நோட்டுல எங்க நைனா பேர எழுதுங்க. சேர்ந்தது அறுவதுனு போடுங்க."

"போனவன் பேர எழுதி இன்னாமா ஆவப்போவுது?"

"இருந்தப்போ எழுதலயே. அதான் போயிட்டாரு."

இராமலிங்கம் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். வேலையை விடுவதென்று முடிவெடுக்க அவ்வளவு நேரம் போதும் அவளுக்கு. உண்மையில் அதுகூடத் தேவைப்படவில்லை. காலையிலேயே மிஷினில் அந்த ஒரு வரிக்கு நட்சத்திரம் ஏறாதபடியும், புறப்பாடு தேதி என்றைக்கும் வெற்றாகவே இருக்கும்படியும் ஒரு விதியைப் போட்டுவிட்டு, தன் டிபன்பாக்ஸைப் பையில் வைத்துவிட்டுத்தான் அவர் முன்னால் வந்திருந்தாள். எதையும் உடைக்கவில்லை. தடிப் புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள்.

"நீ போயிட்டா இந்த மிஷின யாரும்மா பாக்கறது?"

"யாரு வேணா பாக்கலாம்னுதான மொதலாளி வாங்குனீங்க."

அப்போது மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. விடியற்காலைக்கு உரியது, அன்றைக்கு மட்டும் பகல் பத்து மணிக்கு. இரண்டு தட்டு. பிறகு அந்தக் குரல், "ரூம் கிளீன் பண்ணலாமாங்க சார்?" ஏணி மேல் நின்று பல்பு மாற்றிக்கொண்டிருந்த அய்யூப் அப்படியே நின்றார். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பச்சையம்மாள் மாடிப்படிக்குக் கீழே வந்து, தலையை நிமிர்த்தி, செவிடன் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "வேணாம் நைனா. நீ படு."

மேலே கதவு திறந்தது, சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது. மறுநாளிலிருந்து நடையில் குப்பை சேர்ந்தது, இராமலிங்கம் வேறு ஆள் போட்டார், அந்த ஆளின் பேரை அன்றைக்கே நோட்டில் எழுதினார். இருபத்துமூன்று காலியா என்று கேட்பவர்களுக்கு, ஆள் தூங்குகிறார் என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

அப்பாவும் மகளும் அத்தனை வருஷமும் வந்து போனது பின்வாசல் வழியாக. பச்சையம்மாள் முன்வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, படி இறங்கி, ரோட்டுக்குப் போனாள்.